நைனாவின் பேரில் ஒரு விண்ணப்பம்

நான் ஜெர்மனிக்குப் போகப்போகிறேன் என்பது எனக்கே உறுதியாகத் தெரியும் முன் எங்கள் தெரு டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நான் பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். படிப்பு முடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வீடு செம்பரம்பாக்கத்தில், ஏரிக்கரையிலிருந்து நடக்கிற தூரம். ஒருநாள் டியூட்டி மாறும் நேரத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தி, ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆனால் முதலில் அவர்கள் பாஷையைப் படித்துப் பாஸ் பண்ண வேண்டும் என்று சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே அதை அம்மாவிடம் சொன்னேன். சும்மா காதில் போட்டு வைக்கலாம் என்றுதான். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நைனா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கண்ணை மூடியிருந்தால் தூங்குகிறார் என்று நம்பினேன் பாருங்கள், அது என் தப்பு.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாம்மா, ஜெர்மனி போறியாமே? எப்போ பிளைட்டு?"

எனக்கு ஜெர்மன் மொழியில் காலை வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நைனாவிடம் சண்டை பிடித்தேன்.

"இன்னும் கிளாஸ்லயே சேரல நைனா. அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கே!"

"ஊரெல்லாம் எங்க சொன்னேன்? டீக்கடைல மட்டுந்தான் சொன்னேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மீதி ஊருக்கு டீக்கடை சொல்லிக்கொண்டது.

நைனா சின்ன வயசிலிருந்து பயிர் வைத்தவர். நிலம் கைமாறி, பிளாட்டாகி, அதன் ஒரு மூலையில் பெரிய கிடங்கு ஒன்று வந்தபோது அதிலேயே செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். "நம்ம நெலத்தையே காவல் காக்குறதுக்குச் சம்பளம் குடுக்குறான். நல்ல மனுசன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பில் நாங்கள் யாரும் கலந்துகொள்ள மாட்டோம். அவரும் எதிர்பார்க்க மாட்டார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது, இனி பின்வாங்க முடியாது. குமணன்சாவடியில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் நடந்த ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். ஆவடியிலிருந்து வரும் ஒரு மேடம்தான் வாத்தியார். முதல் நாளே ஒரு படிவம் கொடுத்து, குடும்பப் பெயர் எழுதச் சொன்னார். நமக்கேது குடும்பப் பெயர்? இருப்பது ஓர் இனிஷியல். பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தவர் அந்தக் கட்டத்தில் நைனாவின் பெயரை முழுசாகப் போட்டு வைத்திருந்தார். நானும் அதையே எழுதினேன்.

"ஜெர்மனில குடும்பப் பேரைச் சொல்லித்தான் மரியாதையா கூப்பிடுவாங்க. இப்பவே பழகிக்குங்க" என்றார் மேடம். பெண்களுக்கு முன்னால் 'ஃப்ராவ்' என்று ஒன்று சேர்க்க வேண்டுமாம், நம் 'திருமதி' மாதிரி. அன்றிலிருந்து அந்த மாடியில் என் பெயர் காணாமல் போனது. நைனாவின் பெயரைச் சொல்லி, முன்னால் ஃப்ராவ் போட்டு, "எழுந்து படிங்க" என்பார்கள். முதல் வாரம் முழுக்க நான் திரும்பியே பார்க்கவில்லை. என்னோடு நைனாவும் வகுப்புக்கு வந்திருக்கிறாரோ என்று ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என் பேரச் சொல்லியா உன்னக் கூப்புடுறாங்க?"

"ஆமா."

"அங்க போனாலும் அப்டித்தானா? வெள்ளக்கார டாக்டருங்க எல்லாம் என் பேரைத்தான் சொல்லுவாங்களா?"

"ஆமா நைனா."

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "கேட்டுக்கினியா? நீ என் பேரச் சொல்லி ஒருவாட்டியாச்சும் கூப்ட்டுக்கிறியா?" என்றார். அம்மா ரசக் கிண்ணத்தை நகர்த்தி வைத்து, "சாப்புடுய்யா மொதல்ல" என்றாள்.

அந்த நாளிலிருந்து என் படிப்பு அவருடைய சொந்த விஷயமாகிவிட்டது. கிடங்குக்கு வரும் கார் உதிரிபாகப் பெட்டிகளில் சிலவற்றின் மேல் ஜெர்மன் எழுத்து இருக்கும். டியூட்டியில் இருக்கும்போது அவற்றைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார். நான் வார்டில் சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருக்கும்போது பாக்கெட்டில் போன் அதிரும். ஒரு படத்தில் 'ஃபோர்சிஷ்ட்' என்று இருந்தது. கவனம் என்று அர்த்தம் எழுதி அனுப்பினேன். இன்னொன்றில் 'தூக்கி எறியாதே' என்று இருந்தது. இப்படியே அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தை சேர்ந்துவிட்டது. எல்லாமே பெட்டிகளிடம் பேசுகிற வார்த்தைகள். காலையில் நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது வாசலில் நின்று, "ஃபோர்சிஷ்ட்டு! லாரி வரும்!" என்பார். அம்மா பாத்திரத்தை அலமாரியில் வேகமாக வைத்தால் தூக்கி எறியாதே என்பதை ஜெர்மனில் சொல்வார். அம்மாவுக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் குரலில் இருக்கும் கிண்டல் புரியும். அடுத்த பாத்திரம் இன்னும் சத்தமாக விழும்.

கீழ் வகுப்புகளை எப்படியோ தாண்டினேன். பி-டூ என்ற பரீட்சைதான் பெரிய மதில். படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பாகம். மூன்றில் பாஸானேன். பேசுவதில் தலைப்பு, 'வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லதா?' ஒரு நர்ஸ் எப்படி வீட்டிலிருந்து வேலை பார்ப்பாள் என்ற யோசனை ஓடியதில் மூளை அப்படியே நின்றுவிட்டது. எதிரே இரண்டு பேர் மேஜைமேல் பேனாவை வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள். நான் "ஆம்" என்றேன். கொஞ்சம் விட்டு, "இல்லை" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

முடிவு வந்ததும் எனக்கு அழுகையைவிட டீக்கடைப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கம் போகாமல், மண் ரோட்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டாம் நாள் ஸ்கூட்டர் பஞ்சரானதால் உருட்டிக்கொண்டு கடை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ரொம்பப் பரிவாகச் சொன்னார்:

"கவலப்படாதம்மா. பனி நின்னதும் கூப்புடுவாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தால், ஜெர்மனியில் பனி அளவுக்கு மீறிப் பெய்கிறது, விமானம் இறங்க முடியவில்லை, அதனால் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நைனா சொல்லி வைத்திருக்கிறார். அது மே மாசம். எங்கள் மொட்டைமாடியில் கால் வைக்க முடியாத வெயில்.

"நைனா, மே மாசத்துல அங்கயும் வெயில்தான் அடிக்கும்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டீக்கடைக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயிலான பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன்பே கண்ணில் தண்ணீர் வந்ததால், நைனா அவசரமாக எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அதற்கும் அழுகைக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் செய்ய வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

வகுப்பில் மேடம், "உனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்து பேசத்தான் பயம். தினமும் யார்கிட்டயாவது பேசு" என்றார். யாரிடம் பேசுவது? அம்மா முதலிலேயே கையைக் கழுவிவிட்டாள். நைனாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் சட்டையை மாற்றாமலே, தனக்குப் படிக்க வராத கேள்வித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சை அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். நான் எதிரே நின்று ஜெர்மனில் பேசுவேன். பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்யலாமா, பள்ளிக்கூடத்தில் செல்போன் கூடாதா என்று ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பு. அவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் தலையை ஆட்டுவார். சில இடங்களில் வேண்டாம் என்பதுபோல் உதட்டைப் பிதுக்குவார்.

"பெயிலு" என்பார் கடைசியில்.

"ஏன் நைனா?"

"நடுவுல உன் மூஞ்சி தொங்கிப்போச்சு. நீ சொல்றத நீயே நம்பல. இன்னொரு வாட்டி சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்ன இடம் எப்போதும் சரியாகவே இருக்கும். நான் வாக்கியத்தின் கடைசி வினைச்சொல்லைத் தேடித் தடுமாறிய இடம். இப்படி ஒன்றரை மாசம் தினமும் என்னைப் பெயிலாக்கினார். ஒரே ஒரு நாள் மட்டும், முதியோர் இல்லங்கள் தேவையா என்ற தலைப்பில் நான் பேசி முடித்ததும், "பாஸு" என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். தலைப்பு என்னவென்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.

இரண்டாம் முறை பாஸானேன். நைனா டீக்கடையில் பனி நின்றுவிட்டதாக அறிவித்தார்.

அடுத்தது ஆஸ்பத்திரி நேர்காணல். வீட்டிலிருந்தே, வீடியோவில். அவர்களுக்குக் காலை, நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கூடத்துச் சுவரில் நல்ல பகுதி ஒன்று மூன்றடிக்குத்தான் இருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, கொடியில் கிடந்த துணியை அம்மா அள்ளிக்கொண்டு போக, பக்கத்து வீட்டு வைஃபையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். நைனாவிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: "ஒரு மணி நேரம் கூடத்துக்கு வரக் கூடாது. இருமக் கூடாது. போன்ல பேசக் கூடாது."

"நான் ஏன் வரப்போறேன்?" என்றார். ஆனால் சலவைச் சட்டை போட்டிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திரையில் இரண்டு பேர். ஒருவர் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான ஜெர்மன் அம்மா, வெள்ளை முடி, கறாரான கண்ணாடி. இன்னொருவர் அங்கே ஆறு வருஷமாக வேலை பார்க்கும் கேரளத்து நர்ஸ். ஜெர்மன் அம்மா காகிதத்தைப் பார்த்து, நைனாவின் பெயரை மெதுவாக, எழுத்துக் கூட்டி, முன்னால் ஃப்ராவ் சேர்த்துக் கூப்பிட்டார்.

"எஸ் மேடம்!" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையது இல்லை.

அடுப்படி வாசலில் நைனா நின்றிருந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்வார், பாவம். நான் திரையில் தெரியாமல் கையை ஆட்டினேன். ஆனால் ஜெர்மன் அம்மா பார்த்துவிட்டார். அது உங்கள் அப்பாவா, இங்கே வந்து உட்காரச் சொல்லுங்கள் என்றார். நைனாவுக்கு இது ஒன்றை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நான் எழுந்து நிற்பதற்குள் ஸ்டூலோடு வந்துவிட்டார்.

"மகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார் ஜெர்மன் அம்மா. நான் தமிழில் சொன்னேன்.

நைனா திரையை நேராகப் பார்த்து, "நல்ல பொண்ணு மேடம். ஆனா காலைல எழுப்புறது ரொம்பக் கஷ்டம். மூணு வாட்டி கத்தணும். முடிஞ்சா மதிய டூட்டியா போடுங்க" என்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில், "நான் நேரம் தவறாதவள், கடமையில் பொறுப்பானவள் என்று அப்பா சொல்கிறார்" என்றேன். வினைச்சொல் எல்லாம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு சுத்தமான ஜெர்மன் அதுவரை நான் பேசியதில்லை.

கேரளத்து நர்ஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு தமிழில் சொன்னார்: "அங்கிள் அப்படிச் சொல்லல்லியே! நான் கோயம்புத்தூர்லதான் படிச்சது."

காது மடல்வரை சூடானது எனக்கு. அவர் திரும்பி ஜெர்மன் அம்மாவிடம் நைனா சொன்னதை அப்படியே சொன்னார், மூணு வாட்டி கத்துவது உட்பட. வேலை போச்சு என்று நினைத்தேன். ஜெர்மன் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "வேறு ஏதாவது நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டா என்று கேளுங்கள். இந்த முறை சரியாகச் சொல்லுங்கள்" என்றார்.

 நைனா சட்டைப் பொத்தானைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அதுக்கு மனசு கஷ்டமாச்சின்னா யார்கிட்டயும் சொல்லாது. கம்முனு மூலைல குந்திக்கும், சாப்புடாது. யாராச்சும் ஒருத்தர் வந்து சாப்டியான்னு ஒருவாட்டி கேட்டா போதும். உடனே எழுந்து வந்துரும். அங்க கேக்க ஆள் இருக்குமான்னு மட்டும் கேளு."

அதை மொழிபெயர்க்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பி-டூவில் இருக்கும் வார்த்தைகள்தான் எல்லாம், ஒன்றும் கடினமில்லை. பாதியில் நின்றேன். கேரளத்து நர்ஸ் உதவிக்கு வரவில்லை, காத்திருந்தார். நான் முடித்ததும் அவரே தமிழில் நைனாவிடம், "நான் கேக்கும் அங்கிள்" என்றார்.

மூன்று வாரத்தில் வேலை ஒப்பந்தம் வந்தது. அதன்பிறகு எல்லாம் காகிதம். அதில் ஒரு சிக்கல்: நைனாவின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரியும், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. பூந்தமல்லியில் ஒரு வக்கீல் டைப் அடித்து, வாசித்துக் காட்டினார். நைனா கையெழுத்துப் போடும் முன், "இதுல எவன் சார் நெலத்த வித்தது?" என்று கேட்டார். வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். நைனா சிரித்தார். நானும் அன்றைக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டேன்.

விசா வந்த நாளிலிருந்து ஒரு விசித்திரம் நடந்தது. இரண்டு வருஷமாகத் தினமும் என்னை ஜெர்மனிக்கு அனுப்பி வைத்துக்கொண்டிருந்த மனுஷன், நிஜமாகவே தேதி குறித்ததும் இழுத்தடிக்க ஆரம்பித்தார். "அடுத்த மாசம் போனா ஆவாதா?" என்றார். ஒப்பந்தத்தில் தேதி போட்டிருக்கிறது என்றேன். "தேதில மூணுன்னு கீது, அது எட்டா கூட இருக்கலாம், சரியாப் பாத்தியா?" என்றார். கிளம்பும் அன்று காலை காரில் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரோடு வழி பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மாங்காட்டில் அம்மா கோயிலுக்கு இறங்கினாள். நைனா, "பொறுமையா கும்புடு, ஒண்ணும் அவசரமில்ல" என்று அனுப்பினார். பத்தரை மணிக்கு விமானம்.

விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். அதற்கு நேரமே இல்லை. போலீஸ்காரர் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே தள்ளாத குறையாக அனுப்பினார். உள்ளே எடை போட்டால் பெட்டி மூன்று கிலோ கூடுதல். கவுண்டர் பெண், ஏதாவது எடுத்துவிட்டு வாங்க என்றாள். கண்ணாடிச் சுவரை ஒட்டி, தரையில் மண்டிபோட்டுப் பெட்டியைத் திறந்தேன். நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நைனாவும் அம்மாவும்.

நைனா, ஸ்வெட்டரை எடு என்று கையைக் காட்டினார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டு, புளிக்காய்ச்சல் டப்பாவை எடு என்று காட்டினாள். நைனா, கூடவே கூடாது என்று ஆட்காட்டி விரலை ஆட்டினார். இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். கண்ணாடி தடிமன், ஒரு சத்தமும் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைகிறது. அம்மா நடுங்கிக் காட்டினாள், அங்கே குளிருமாம். நைனா வாயில் கையைக் கொண்டுபோய்க் காட்டினார், சாப்பாடு முக்கியமாம். பக்கத்தில் யாரையோ வழியனுப்ப வந்த ஒரு குடும்பம் முழுசும் நின்று வேடிக்கை பார்த்தது. அதில் ஒரு பெரியவர் நைனாவின் கட்சியில் சேர்ந்து அவரும் டப்பாவுக்காகக் கையை ஆட்டினார்.

நான் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, செங்கல் கனத்தில் இருந்த ஜெர்மன் இலக்கணப் புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் திணித்தேன். ஸ்வெட்டரை அந்த வெக்கையிலேயே சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டேன். டப்பாவை மறுபடி உள்ளே வைத்துப் பெட்டியை மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தேன். இப்போது நான் ஜெர்மனிக்கு வந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறது. இன்றைக்கும் முதல் ஷிப்ட் என்றால் எனக்கு அலாரம் மூன்று. அன்றைக்கு ஸ்வெட்டரில் வியர்த்துக் கொட்டிக்கொண்டே பெட்டியை உருட்டிப் போய் மறுபடி எடைமேல் ஏற்றினேன். கவுண்டர் பெண் எடை எண்ணைப் பார்த்தாள், என் ஸ்வெட்டரைப் பார்த்தாள், பெட்டியின் கைப்பிடியில் பட்டையைச் சுற்றி ஒட்டினாள். திரும்பி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேர் கை தட்டினார்கள்.